செம்பாகவே கொடுத்தார்கள்

சுரங்கக் கச்சேரியில் கணக்கன் ஏலோஃப்
என் பெயரை இரண்டு முறை கேட்டான்.
குனில்லா, யோன்ஸின் மனைவி என்றேன்.
எழுதியிருந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு
வேறொன்றை எழுதினான்.
எனக்குப் படிக்கத் தெரியாது.
அடித்தது தெரிந்தது.

உள்ளே போனவன் இரண்டு ஆட்களோடு வந்தான்.
அவர்கள் சுமந்து வந்ததை
அடுப்புக்கல் என்று நினைத்தேன்.
காசு என்றார்கள்.

வெள்ளி அரிதாகிவிட்டதாம் ஸ்வீடன் முழுக்க.
ஃபாலூன் மலைக்குள் செம்பு மட்டும்
கொட்டிக் கிடக்கிறதாம்.
வெள்ளிக்கு ஈடாகச் செம்பை அடித்தால்
அது காசாக வராது,
பலகையாகத்தான் வரும்.
நாலு மூலையிலும் கிரீடம்.
நடுவில் எட்டு டாலெர் என்று ஒரு முத்திரை.
ஒவ்வொன்றும் மூன்று வயதுப் பிள்ளையின் கனம்.
அப்படி நான்கு.

"முந்தானையில் முடிந்துகொள்" என்றான் சுமந்தவன்.
ஏலோஃப் சிரிக்கவில்லை,
அதற்காக அவனை மன்னித்தேன்.

தச்சன் ஹால்வரிடம் இரவல் வாங்கிய
விறகுச் சறுக்குவண்டி.
கயிறு என் தோளில்.
கந்தகப் புகைக்குக் கீழே கறுத்த பனி,
ஊர் தாண்டியதும் வெள்ளைப் பனி,
பிறகு உறைந்த ரூன் ஏரி.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது
மடி கொள்ளும் காசுள்ள ஊரின் பேச்சு.

ஏரி நடுவில் இருவர் குறுக்கே நின்றார்கள்.
ஒருவன் கையில் கோடரி.
மற்றவனுக்கு ஒரு காது இல்லை.
சாக்கை விலக்கிப் பார்த்தார்கள்.
காதில்லாதவன் இரண்டு பலகைகளைத்
தூக்கித் தோளில் வைத்து நடந்தான்.
முழங்கால்வரை பனி.
இருபதடி போயிருப்பான்.
திரும்பி வந்து இறக்கி வைத்தான்.
"இதைத் திருடுவதற்குக்
கூலி வேலைக்கே போகலாம்."

கரை மேட்டில் அவர்களே
வண்டியைத் தள்ளிவிட்டார்கள்.
தள்ளியதற்குக் கூலி கேட்டார்கள்.
என்னிடம் சில்லறை இல்லை.

வீட்டில் வாற்கோதுமை தீர்ந்திருந்தது.
ஒரு பலகையை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.
"மீதியை நான் கொடுத்தால்
நீ எப்படிக் கொண்டுபோவாய்?"
கடைக்காரன் கடனாகவே இரண்டு படி அளந்தான்.
ஊரில் பணம் இருப்பதால் கடன்பட்டவள்
நான் ஒருத்திதான்.

ஒன்று உப்புமீன் பீப்பாய்க்கு மூடியாயிற்று.
ஒன்று காற்றில் அடிக்கும் கதவுக்கு முட்டு.
அடுப்போரம் சாய்த்ததன்மேல் பூனை தூங்குகிறது.
நாலாவது கட்டிலுக்கடியில்.
சின்னவள் ஊர்ந்து போய்
கிரீடங்களை விரலால் எண்ணுகிறாள்.
நாலுக்கு மேல் அவளுக்குத் தெரியாது,
நாலே போதும்.

இரவில் அடுப்பு வெளிச்சத்தில்
செம்பு சிவக்கும்போது விழித்துக்கொள்கிறேன்.

யோன்ஸை அவர்கள் தோண்டி எடுக்கவில்லை.
பாறை இன்னும் அசைகிறது என்றார்கள்.
அவ்வளவு ஆழத்துக்குக் கயிறு எட்டாது என்றார்கள்.
அடுத்த திங்கட்கிழமையே
அதே குழியிலிருந்து
செம்பைத் தோண்டி எடுத்தார்கள்.
கயிறு எட்டியிருக்கிறது.

பலகையை முகர்ந்து பார்த்தேன் ஒரு நாள்.
அவன் சட்டையின் வாடை இல்லை.
தொட்ட கைதான் நாறியது.

பனி உருகிச் சேறான மாதத்தில்
வரி வாங்க வந்தான் ஒருவன், பேர் லம்பெர்ட்.
சறுக்குவண்டி ஓடாத பருவம்.
அவன் குதிரையும் நொண்டி.
இரண்டு வருஷ பாக்கி என்றான்.
பீப்பாய் மூடியை எடுத்துக்கொள் என்றேன்.

இரண்டு கையாலும் தூக்கினான்.
வாசலில் வைத்தான்.
மறுபடி தூக்கினான்.
தொழுவத்தருகே அரசனின் கிரீடம் நான்கும்
சேற்றில் கவிழ்ந்தன.
"ஒரு கை கொடேன், அம்மா."

மீன் பீப்பாய் திறந்து கிடந்தது.
நான் பூனையை விரட்டப் போனேன்.